சம்பை வெட்டுவதா, இன்ஜினைத் தூக்குவதா? வீட்டில் கட்டும் லோகாஸ்ட் கார்களுக்கான ஒப்பீடு

லோட்டஸ் செவன் என்ற தாழ்வான, இரு இருக்கை கொண்ட திறந்த கார் 1957-இல் வந்ததிலிருந்து அந்த வடிவக் காரைத் தாங்களே கட்டிப் பார்க்கும் ஆசை பிரிட்டனில் ஓய்ந்ததில்லை. 25 மி.மீ. சதுரக் குழாயை வெட்டி வெல்டிங் செய்து, பழைய ஃபோர்டு சியராவிலிருந்தோ மாஸ்டா எம்எக்ஸ்-5-இலிருந்தோ கழற்றிய இன்ஜினைப் பொருத்தும் லோகாஸ்ட் வகை அதற்கு மலிவான வழி. சேசிஸ் தயாராகி, இன்ஜினை முதல்முறை உள்ளே இறக்கும்போதுதான் பலரும் திகைத்து நிற்கிறார்கள். மேலே கேம் கவர் பானெட்டில் இடிக்கிறது. கீழே சம்ப் என்ற ஆயில் சட்டி சேசிஸுக்கு அடியில் 60, 70 மி.மீ. தொங்குகிறது. உயரமான சலூன் காருக்காக வடிவமைத்த இன்ஜின், முழங்கால் உயரக் காருக்குள் வேறு எப்படி உட்காரும்?

இன்ஜினைத் தூக்கி பானெட்டில் ஓட்டை போடலாம். சம்பை வெட்டிக் குட்டையாக்கலாம். டிரை சம்ப் வாங்கலாம். பைக் இன்ஜினுக்கே மாறிவிடலாம். இவற்றோடு ஒட்டிய இன்னொரு முடிவும் உண்டு: இன்ஜினைச் சேசிஸில் பிடிக்கும் மவுண்டிங் ரப்பரா, பாலியூரித்தேனா, நேரடி இரும்பா? இன்ஜின் எந்த உயரத்தில் நிற்கும், எவ்வளவு ஆடும் என்பதை மவுண்டிங்தான் தீர்மானிக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

## எந்த நிலையில் அளப்பது

காலிக் காரைக் கராஜ் தரையில் நிறுத்தி அளந்த தரை இடைவெளிக்கு மதிப்பில்லை. டேங்க் நிரம்பி, இருவர் உட்கார்ந்த நிலையில் அளக்க வேண்டும். இருவரும் சேர்ந்து 160 கிலோ என்றும், அதில் சுமார் 30 சதவீதம் முன்னச்சுக்குப் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு முன்சக்கரத்துக்கு 24 கிலோ கூடுகிறது. சக்கரத்தில் உணரப்படும் ஸ்பிரிங் விறைப்பு மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன் என்றால் முன்பக்கம் 16 மி.மீ. இறங்கும். காலியாக 120 மி.மீ. காட்டிய கார் ஆள் ஏறியதும் 104-க்கு வந்துவிடும்.

அடுத்தது வேகத்தடை. இங்கிலாந்தின் 1999-ஆம் ஆண்டு விதிகளின்படி அதன் உயரம் 25 முதல் 100 மி.மீ. வரை இருக்கலாம். செவன் வகைக் காரில் சம்ப் இருப்பது முன்னச்சுக்குச் சற்றுப் பின்னால். முன்சக்கரம் மேட்டிலிருந்து இறங்கி ஸ்பிரிங் அமுங்கும் அதே நொடியில் சம்ப் மேட்டின் உச்சிக்கு நேர் மேலே வருகிறது. நின்ற நிலையில் தாராளமாகத் தெரிந்த இடைவெளி அங்கேதான் காணாமல் போகிறது. ஊர்ந்து போனால் அமுங்கல் குறைவு. கொஞ்சம் வேகம் எடுத்தாலே 25, 30 மி.மீ. போய்விடும்.

தினசரிச் சாலைக்கு, ஆள் ஏறிய நிலையில் மிகத் தாழ்ந்த கெட்டியான பாகத்துக்கு அடியில் 115 முதல் 120 மி.மீ. வேண்டும். அப்போதும் 100 மி.மீ. மேட்டை ஊர்ந்துதான் கடக்க வேண்டும். டிராக்குக்கு டிரெய்லரில் ஏற்றிப் போகும் காருக்கு 75 போதும்.

டயரை மாற்றிச் சமாளிக்கலாமே என்ற கேள்வி வரும். 185/60 ஆர்13 டயரின் விட்டம் 552 மி.மீ., 185/60 ஆர்14-இன் விட்டம் 578. ஆரம் 13 மி.மீ. கூடும், ஓட்டத்தில் கியர் 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக நீளும், ஸ்பீடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும். 10, 12 மி.மீ. மட்டும் பற்றாக்குறை என்றால் இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் காயில் ஓவர் என்ற ஸ்பிரிங்-டாம்பர் தொகுப்பை முறுக்கிக் காரையே 40 மி.மீ. தூக்குவது வேறு. சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன் கைகளின் கோணம் கெடும், சக்கரத்தின் சாய்வான கேம்பர் மாறும், ஸ்டீயரிங் வளைவில் தானாகத் திரும்பப் பார்க்கும். கீழே தொங்கும் ஒரு சட்டிக்காக சஸ்பென்ஷனைக் கெடுப்பது தவறான பேரம்.

## எடைபோடும் அளவுகோல்கள்

எத்தனை மில்லிமீட்டர் கிடைக்கும் என்பது முதல் கேள்வி. வளைவில் ஆயில் பிரஷர் விழாமல் நிற்குமா என்பது இரண்டாவது. இன்ஜினின் ஆயுளே இதில்தான் இருக்கிறது. எடை மையம் எவ்வளவு ஏறும் என்பது மூன்றாவது. எல்லோரும் இதைத்தான் முதலில் பேசுகிறார்கள், உள்ளதில் இதுதான் மிகச் சிறியது. பிறகு மறைந்திருக்கும் வேலைகள்: பானெட், ஷாஃப்ட் கோணம், எக்ஸாஸ்ட், கியர் லீவர். கடைசியாகப் பணம், பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பது.

## வழி 1: இன்ஜினை உயர்த்துவது

எடை மையம் ஏறினால் கையாளுமை பாழாகும் என்ற பயத்தில் பலர் இதைத் தொடுவதே இல்லை. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இன்ஜினும் கியர்பாக்ஸும் 150 கிலோ, ஓட்டுநரோடு கார் 650 கிலோ. இன்ஜினை 40 மி.மீ. தூக்கினால் மொத்தக் காரின் எடை மையம் 150 × 40 ÷ 650, அதாவது 9 மி.மீ. ஏறுகிறது. எடை மையம் 400 மி.மீ. உயரத்திலும் இடது, வலது சக்கரங்களுக்கு இடையேயான அகலம் 1300 மி.மீ. ஆகவும் இருந்தால், 1 ஜி (புவியீர்ப்புக்குச் சமமான பக்கவிசை) வளைவில் உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும் எடை 200 கிலோ. இன்ஜினைத் தூக்கிய பிறகு அது 204.6 கிலோ. இந்த நாலரை கிலோவைச் சாலையில் யாராலும் உணர முடியாது. உடைந்த சம்பை உணராமல் இருக்க முடியாது.

உண்மையான செலவு வேறு இடத்தில். பானெட்டில் வீக்கமோ திறப்போ வேண்டும். ஃபோர்டு பின்ட்டோ போன்ற உயரமான இன்ஜினில் கேம் கவரும் பெல்ட் கவரும் வெளியே தெரியும். எக்ஸாஸ்ட் வெளியேறும் ஓட்டை பக்கத் தகட்டில் மேலே நகரும், ஆகவே தகட்டை வெட்டுமுன் இன்ஜின் உயரம் முடிவாகியிருக்க வேண்டும். இருக்கைகளுக்கு நடுவே ஓடும் டனலுக்குள் கியர்பாக்ஸின் மேல்பகுதி இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மிகுந்த கவனம் கேட்பது, கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சின் டிஃபரென்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட். இந்தக் கார்களில் அது 650 மி.மீ. அளவுக்குக் குட்டை. இன்ஜினை முன்னும் பின்னும் சமமாக 40 மி.மீ. தூக்கினால் ஷாஃப்டின் முனைகளில் உள்ள ஒவ்வொரு யுனிவர்சல் ஜாயிண்டிலும் 3.5 டிகிரி கூடுகிறது. கியர்பாக்ஸ் அச்சும் டிஃபரென்ஷியல் பினியன் அச்சும் இணையாக இருந்தால் ஒன்றின் துடிப்பை மற்றது ஈடுகட்டிவிடும். மூக்கை மட்டும் தூக்கினால் இந்த இணைநிலை உடையும். வேகம் ஏறியதும் தரை அதிரத் தொடங்கும். அப்போது பினியனையும் அதே கோணத்துக்குச் சாய்க்க வேண்டும். ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது அரை நிமிட வேலை. அதிர்வைத் தேடி ஊரெல்லாம் அலைபவர்கள் பெரும்பாலும் இதை விட்டிருப்பார்கள்.

பிடிக்காவிட்டால் பிராக்கெட்டை மாற்றி இறக்கிக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய பலம்.

## வழி 2: சம்பை வெட்டிக் குட்டையாக்குவது

மிக அதிகமானோர் எடுக்கும் வழி, மிக அதிகமான இன்ஜின்களைக் கொன்ற வழியும் கூட. 200 × 250 மி.மீ. அடிப்பரப்பு உள்ள கிண்ணத்தில் 50 மி.மீ. வெட்டினால் 2.5 லிட்டர் கொள்ளளவு போகிறது. நாலு லிட்டர் பிடிக்கும் சம்பில் இது பாதிக்கும் மேல். போனதை ஈடுகட்டப் பக்கவாட்டில் அகலப்படுத்துவார்கள். அங்கேதான் ஆபத்து.

1 ஜி வளைவில் ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்கிறது. 200 மி.மீ. அகல சம்பில் ஒரு ஓரம் நடு மட்டத்திலிருந்து 100 மி.மீ. ஏறும், மறு ஓரம் 100 இறங்கும். அகலத்தை 350 ஆக்கினால் இது 175. ஆயிலின் ஆழமோ 80 மி.மீ. கூட இல்லை. நீண்ட வளைவில், ஆயிலை பம்புக்கு இழுக்கும் பிக்-அப் குழாய் காற்றை உறிஞ்சும்; இரண்டு, மூன்று நொடி பிரஷர் விழுந்தாலே கனெக்டிங் ராட் கிராங்கில் மாட்டும் இடத்து பிக் எண்ட் பேரிங் தேய்ந்துவிடும். ஆகவே அகலப்படுத்திய சம்புக்குள் பிக்-அப்பைச் சுற்றி ஒரு பெட்டி, அதன் சுவர்களில் உள்நோக்கி மட்டும் திறக்கும் கீல் கதவுகள், மேலே ஆயில் ஏறாமல் தடுக்கும் தகடு ஆகியவை கட்டாயம்.

இரும்பு சம்ப் என்றால் வேலை வரிசை இது. பழைய பிளாக் ஒன்றிலோ தடித்த தகட்டிலோ சம்பின் விளிம்பை எல்லா போல்ட்டும் போட்டு இறுக்கிய பிறகே வெல்டிங் செய்ய வேண்டும். சும்மா வைத்துச் செய்தால் விளிம்பு நெளியும், கேஸ்கட் எத்தனை மாற்றினாலும் கசியும். பிக்-அப் குழாயைச் சுருக்கி, வடிகட்டி முகத்தில் களிமண் உருண்டை ஒட்டி, சம்பை மாட்டிக் கழற்றி, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளக்க வேண்டும். 8 முதல் 10 மி.மீ. இருந்தால் சரி. குறைந்தால் ஆயில் போதாது, கூடினால் சீக்கிரம் காற்று உள்ளே வரும். அதே களிமண்ணைத் தடுப்புத் தகட்டின் மேலும் வைத்து, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, கனெக்டிங் ராட் இடிக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு சம்பில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வைத்துவிட வேண்டும். தண்ணீர் கசியாத மயிரிழைத் துளையிலும் மண்ணெண்ணெய் வெளியே வந்துவிடும்.

டிப்ஸ்டிக்கின் பழைய கோடுகள் இனிப் பொய். அளந்து ஊற்றி, ஃபில்டர் நிரம்ப இன்ஜினை ஓட்டி நிறுத்தி, புதுக் கோடு கீற வேண்டும். மேல்கோடு கிராங்கின் கீழ்ச்சுற்றைத் தொடக் கூடாது. தொட்டால் ஆயில் நுரைத்து பிரஷர் ஆடும். அதை ஆயில் பற்றாக்குறை என்று நினைத்து மேலும் ஊற்றினால் நோய் முற்றும்.

அலுமினிய வார்ப்பு சம்பில் பழைய ஆயில் உலோகத்துக்குள் ஊறியிருக்கும். சூடாக்கி அதை வெளியேற்றாமல் டிக் வெல்டிங் செய்தால் உள்ளே குமிழி விடும். ஃபோர்டு ஸீடெக், டியூராடெக் இன்ஜின்களுக்குக் குட்டையான அலுமினிய சம்புகள் பிரிட்டனில் தயாராகவே கிடைக்கின்றன. வெல்டிங்கில் தேர்ச்சி இல்லாதவர்கள் அதை வாங்குவதே நல்லது. ஆனால் அலுமினிய சம்ப் மேட்டில் மோதினால் உடைந்து ஆயில் முழுவதையும் ரோட்டில் கொட்டும். இரும்பு சம்ப் ஒடுங்கும். ஒடுங்கிய தகடு பிக்-அப்பின் வாயை மூடிவிட்டால் வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லாமல் இன்ஜின் போய்விடும். எதுவானாலும் 3 மி.மீ. காப்புத் தகடு வேண்டும், அதைச் சேசிஸில்தான் மாட்ட வேண்டும், சம்பில் அல்ல. தகட்டுக்கும் சம்புக்கும் நடுவே இடைவெளி விடுவதால் மேலும் 10 மி.மீ. செலவாகும்; முதல் கணக்கிலேயே அதைக் கழித்துவிட வேண்டும்.

## வழி 3: டிரை சம்ப்

ஆயிலைத் தனி டேங்கில் வைத்து, கீழே விழுவதை ஸ்கேவெஞ்ச் பம்ப் உடனுக்குடன் இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு. ஆயில் பிரஷரைப் பொறுத்தவரை இதற்கு இணை இல்லை. வழவழப்பான டிராக் டயர் போட்டு நீண்ட வளைவுகளில் ஓட்டுபவர்களுக்கு இதுவே சரியான விடை.

தரை இடைவெளிக்காக மட்டும் இதை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. சம்ப் சுருங்கியதும் மிகத் தாழ்ந்த பாகம், ஃப்ளைவீலையும் கிளட்சையும் மூடும் பெல் ஹவுசிங் ஆகிவிடும். ஃப்ளைவீல் ரிங் கியரின் விட்டம் 280 மி.மீ. என்றால் கிராங்க் அச்சுக்குக் கீழே 140 மி.மீ., அதற்கு மேல் ஹவுசிங்கின் சுவர். சம்பை அதைவிடக் குட்டையாக்கினாலும் பயனில்லை. இன்னும் இறக்க வேண்டுமானால் சிறிய ஃப்ளைவீல், 184 மி.மீ. கிளட்ச், அதற்கேற்ற ஸ்டார்ட்டர், ஹவுசிங் எல்லாம் மாற வேண்டும்; அந்தச் செலவு சம்பின் செலவையே மிஞ்சும். டிரை சம்ப் வாங்குமுன் கிராங்க் மையத்திலிருந்து ஹவுசிங்கின் அடி வரை ஒரு டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

பம்ப், டேங்க், குழாய்கள் என்று ஆயிரம் பவுண்டுக்கு மேல் எளிதில் போகும். செவனின் ஒடுங்கிய இன்ஜின் அறையில் டேங்குக்கு இடம் தேடுவதே தனி வேலை. பம்பை ஓட்டும் பெல்ட் அறுந்தால் பிரஷர் உடனே பூஜ்யம். பெரிய எச்சரிக்கை விளக்கு இல்லாமல் ஓட்டக் கூடாது. முதல்முறை ஸ்டார்ட் செய்யுமுன் பிளக்குகளைக் கழற்றி, பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்ற வேண்டும்.

## வழி 4: பைக் இன்ஜின்

சுசுகி ஹயபூசா, யமஹா ஆர்1 போன்றவற்றில் கியர்பாக்ஸும் கிளட்சும் உள்ளேயே இருக்கின்றன, பெல் ஹவுசிங் சிக்கலே இல்லை. எடையும் பாதியளவு. ஆனால் பைக் வளைவில் சாயும், அதனால் ஆயில் சம்பின் அடியிலேயே நிற்கும், கார் சாயாது. பைக்குக்கான ஆழமான சம்பை அப்படியே காரில் போட்டால் தரையும் இடிக்கும், ஆயிலும் ஓரத்துக்கு ஓடும். தட்டையான சம்ப், தடுப்புத் தகடு இரண்டும் முதல் நாளே வேண்டும். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டும் மாணவர்களும் கேடிஎம் 390 இன்ஜினோடு இதே சிக்கலைத்தான் எதிர்கொள்கிறார்கள். சாலைக் காருக்கு ரிவர்ஸ் ஏற்பாடு தனிச் செலவு. நெரிசலில் ஓட்டவும் சிரமம். கிளட்ச் அதற்காகச் செய்ததல்ல.

| | உயர்த்துவது | சம்பை வெட்டுவது | டிரை சம்ப் | பைக் இன்ஜின் |
|---|---|---|---|---|
| இடைவெளி | பானெட் விடும் வரை, 25–50 மி.மீ. | 40–60 மி.மீ. | பெல் ஹவுசிங் வரை | மிக அதிகம், தட்டை சம்புடன் |
| ஆயில் பிரஷர் | மாற்றமில்லை | கதவுப் பெட்டி இல்லாவிட்டால் ஆபத்து | மிகச் சிறப்பு | தடுப்புத் தகடு கட்டாயம் |
| எடை மையம் | 9 மி.மீ. அளவு ஏறும் | மாறாது | இறக்க வாய்ப்பு | குறையும் |
| மறைந்த வேலை | பானெட், ஷாஃப்ட் கோணம், எக்ஸாஸ்ட் | பிக்-அப், டிப்ஸ்டிக், காப்புத் தகடு | டேங்க் இடம், பெல்ட், ஃப்ளைவீல் | ரிவர்ஸ், ஷாஃப்ட் அடாப்டர் |
| செலவு | குறைவு | குறைவு முதல் நடுத்தரம் | அதிகம் | அதிகம் |
| திரும்ப முடியுமா | முடியும் | வேறு சம்ப் வாங்கினால் | முடியும், பணம் போகும் | முடியாது என்றே சொல்லலாம் |

## மவுண்டிங்: ரப்பர், பாலியூரித்தேன், இரும்பு

மவுண்டிங் தாங்குவது இன்ஜினின் எடையை மட்டுமல்ல. 150 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜின், முதல் கியர் விகிதம் 3.65 உள்ள ஃபோர்டு டைப் 9 கியர்பாக்ஸோடு சேர்ந்தால், பின்னால் போவது 547 நியூட்டன் மீட்டர். அதே அளவு முறுக்கு எதிர்த்திசையில் இன்ஜினைத் திருப்பப் பார்க்கும். இரு பக்க மவுண்டிங்குகளும் அரை மீட்டர் இடைவெளியில் இருந்தால் ஒரு பக்கம் சுமார் 110 கிலோ அழுத்தும், மறுபக்கம் அதே 110 கிலோ மேலே இழுக்கும். கிளட்சைச் சட்டென விட்டால் இது பல மடங்கு.

ரப்பர். நாலு சிலிண்டர் இன்ஜினின் முக்கிய அதிர்வு கிராங்க் வேகத்தைப் போல இரு மடங்கு. 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 முறை. இதை விழுங்க ரப்பரே சிறந்தது. லோகாஸ்ட் கட்டுபவர்கள் விரும்பிப் போடும் லேண்ட் ரோவரின் உருளை ரப்பர்கள் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அவை அழுத்தத்துக்கும் சறுக்கலுக்கும் ஏற்றவை, நேராக இழுத்தால் ரப்பர் இரும்பிலிருந்து உரிந்துவரும். இழுக்கும் பக்கம் உரிந்தால் இன்ஜின் எழும்பும், ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபட்டு த்ராட்டில் திறந்தே நிற்கலாம். அதனால் ரப்பர் போனாலும் இன்ஜின் 10 மி.மீ.க்கு மேல் எழும்பாதபடி ஒரு தடுப்பு போல்ட் வேண்டும். ரப்பர் ஆண்டுக்கணக்கில் சில மில்லிமீட்டர் தளரும், அந்த அளவு சம்பும் தாழும். எக்ஸாஸ்ட் பக்க ரப்பருக்கு 1 மி.மீ. அலுமினியத் தகட்டால் வெப்ப மறைப்பு போடாவிட்டால் அது முதலில் வெந்து கெட்டிப்படும்.

பாலியூரித்தேன். ஆட்டம் குறைவு, தளர்வும் குறைவு. ஸ்டீயரிங் தண்டுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் நடுவே இடம் நெருக்கடி என்றால் நல்ல தேர்வு. கெட்டித்தன்மை ஷோர் ஏ 80 அளவு இருந்தால் சாலைக்குப் போதும். 95-க்குப் போனால் அதிர்வில் கண்ணாடியில் பின்னால் வரும் கார் மங்கலாகத் தெரியும்.

நேரடி இரும்பு. இன்ஜின் துளியும் ஆடாது, ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கில் நிற்கும். போட்டிக் காருக்குச் சரி. சாலைக் காரில் 1.6 மி.மீ. சுவருள்ள குழாயில் பிராக்கெட் வெல்டிங்கின் ஓரத்தில் முடியளவு விரிசல் தொடங்கி வளரும். சேசிஸ் முறுகும்போது இன்ஜின் பிளாக்கும் சேர்ந்து முறுக்கப்படுவதால் அலுமினியக் காதுகள் உடையும். பைக் இன்ஜினைச் சட்டத்தில் மாட்டும்போதும் இதே எச்சரிக்கை: துளை பொருந்தவில்லை என்று போல்ட்டால் இழுத்துச் சேர்க்காமல், இடைவெளிக்குச் ஷிம் போட வேண்டும்.

எம்எக்ஸ்-5 இன்ஜின் போடுபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அந்தக் காரில் கியர்பாக்ஸின் வாலுக்குத் தனி மவுண்டிங் கிடையாது. கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டமே இரண்டையும் பிடிக்கிறது. அதை விட்டுவிட்டால் கியர்பாக்ஸுக்கு ஒரு மவுண்டிங்கும், டிஃபரென்ஷியல் மூக்கு எழும்பாமல் ஒரு பிடிப்பும் புதிதாகச் செய்ய வேண்டும்.

ரப்பரோ பாலியூரித்தேனோ, இன்ஜினிலிருந்து சேசிஸுக்குத் தடித்த எர்த் பட்டை வேண்டும். மறந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சூடாகி உறை உருகும்.

## யாருக்கு எது

தினமும் சாலையில் ஓடும் காருக்கு, சம்பை 25, 30 மி.மீ. மட்டும் வெட்டி, இன்ஜினை 20, 25 மி.மீ. உயர்த்தி, ரப்பரில் உட்கார வைப்பதே எங்கள் பரிந்துரை. ஒரே வழியில் முழு அளவையும் பிழியாததால் ஆயிலும் பானெட்டும் இரண்டும் பிழைக்கும். பின்ட்டோ போன்ற உயர இன்ஜினுக்கு இதைத் தவிர நடைமுறை வழி குறைவு. பழைய ஃபோர்டு கிராஸ்ஃப்ளோ அந்த அளவு உயரமில்லாததால், பல சேசிஸ்களில் உயர்த்துவது மட்டுமே போதும். வாரக்கடைசி டிராக்கும் சாலையும் கலந்து ஓட்டுபவர் கதவுப் பெட்டியோடு கூடிய அலுமினிய சம்பையும் பாலியூரித்தேனையும் எடுக்கலாம். டிராக் மட்டும் என்றால் டிரை சம்ப், அதுவும் ஹவுசிங்கை அளந்த பிறகு.

எந்த வழியானாலும் பிராக்கெட்டை முதலில் செய்து அதில் இன்ஜினை உட்கார வைக்க வேண்டாம். சமதரையில் சேசிஸை ஆள் ஏறிய உயரத்துக்குக் கட்டைகளில் நிறுத்துங்கள். சம்புக்கு அடியில் 120 மி.மீ. மரக்கட்டை, கியர்பாக்ஸ் வாலுக்கு ஒரு ஜாக். பானெட்டை மூடிப் பாருங்கள், ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்புங்கள், மேனிஃபோல்டுக்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் நடுவே 20 மி.மீ. இருக்கிறதா பாருங்கள், கோணமானியால் கியர்பாக்ஸ், பினியன் அச்சுகளை ஒப்பிடுங்கள். எல்லாம் சரி என்றால், மவுண்டிங் ரப்பர் சுமையில் அமுங்கும் அளவையும் சேர்த்து, 3 மி.மீ. தகட்டில் பிராக்கெட் வெட்டி, குழாயின் நடுவில் இல்லாமல் குழாய்கள் கூடும் முனையில் டாக் வெல்டிங் (ஆங்காங்கே பொட்டு வெல்டிங்) மட்டும் வையுங்கள். முழு வெல்டிங், இன்ஜினையும் ரப்பரையும் வெளியே எடுத்த பிறகுதான்.